மஃபாத்: ஒரு காலணியின் பெயரும் ஓடியவர்களின் வரலாறும்

2010ஆம் ஆண்டில் மலையோட்டக்காரர்களுக்கான கடைகளில் விசித்திரமான ஒரு காலணி விற்பனைக்கு வந்தது. அன்று வழக்கிலிருந்த எந்த ஓட்டக் காலணியைக் காட்டிலும் அதன் அடிப்பகுதி தடித்திருந்தது; அகன்றும் இருந்தது. கோமாளிச் செருப்பு என்றும், நிலவில் நடப்பதற்கான பூட்ஸ் என்றும் பார்த்தவர்கள் எள்ளினர். பிரான்சு நாட்டின் ஆன்சி நகரில் 2009இல் தொடங்கப்பெற்ற ஹோகா ஒனே ஒனே என்னும் சிறு நிறுவனத்தின் முதற்காலணி அது. அதற்கு ‘மஃபாத்’ என்று பெயரிட்டிருந்தனர்.

அந்த அடிப்பகுதியைப் பற்றி இதுவரை ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. பெயரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதியவர் அரியர். இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில் உள்ள ரெயூனியன் தீவின் எரிமலைப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயர் என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. அப்பள்ளத்தாக்கிற்கு அப்பெயர் எவ்வாறு வந்தது, அங்கே முதலில் ஓடியவர்கள் யார், எதனிடமிருந்து ஓடினர் என்பனவெல்லாம் காலணியின் வரலாற்றுக்குப் புறம்பான கேள்விகளாகவே கருதப்படுகின்றன. மலையில் ஓடுதல் என்னும் செயலின் வரலாற்றை எழுத முற்படுவோர் இக்கேள்விகளைத் தவிர்க்க இயலாது.

முதலில் அடிப்பகுதி. நெடுந்தொலைவு மலையோட்டத்தில் ஓடுபவரை வீழ்த்துவது பெரும்பாலும் ஏற்றம் அன்று, இறக்கமே. ஏறும்போது தொடைத் தசைகள் சுருங்கி உடலை உயர்த்துகின்றன. மூச்சு முட்டும், ஆயினும் தசைக்கு நேரும் கேடு குறைவு. இறங்கும்போதோ அதே தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நீளும் நிலையில் சுமை தாங்கும் தசையில் நுண்ணிய கிழிவுகள் தோன்றுகின்றன. மலையிறங்கிய மறுநாள் படிக்கட்டில் கால் வைக்க இயலாமற் போவதற்குக் காரணம் இதுவே. 2005இல் கோட்சால், கிராம் என்னும் ஆய்வாளர் இருவர் வெளியிட்ட அளவீடுகள் இவ்வகையில் முக்கியமானவை. ஒன்பது பாகைச் சரிவில் இறங்கி ஓடும்போது, சமதள ஓட்டத்தைவிடத் தரையின் மோதல் விசை 54 விழுக்காடும், பின்னோக்கித் தடுக்கும் விசை 73 விழுக்காடும் மிகுந்திருந்தன என்று அவர்கள் கண்டனர்.

இவ்விசையைச் சில நிமிடங்கள் தாங்குவது வேறு, முப்பது மணி நேரம் தாங்குவது வேறு. 2003இல் தொடங்கப்பெற்ற மோன்-பிளாங்க் மலைச்சுற்று ஓட்டத்தின் நீளம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 10,000 மீட்டர். தொடங்கிய ஊருக்கே திரும்பும் பந்தயம் அது. ஆகவே ஏறிய அத்தனை உயரத்தையும் இறங்கியே தீர வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறையின் மலையோட்டக் காலணிகள் இத்தகைய பந்தயங்களுக்காகத் தோன்றியவை அல்ல. இங்கிலாந்தின் வடபகுதிக் குன்றோட்டக்காரர்கள் விரும்பி அணிந்தவை போல்டன் நகரத்து நார்மன் வால்ஷின் காலணிகள். அவை மெல்லிய அடியும் குமிழ்களும் கொண்டவை. ஈரப்புல்லில் வழுக்காமல் பிடித்துக்கொள்வதே அவற்றின் வேலை. ஓரிரு மணி நேர ஓட்டத்திற்கு அதுவே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு, குதிரைகளுக்கென நடத்தப்பட்ட நூறு மைல் பந்தயத்தில் கோர்டி ஐன்ஸ்லி குதிரையின்றித் தம் கால்களாலேயே ஓடி, 24 மணி நேரத்திற்குள் முடித்துக் காட்டினார். நூறு மைல் மலையோட்டம் என்னும் விளையாட்டு அங்கிருந்தே வளர்ந்தது. விளையாட்டு வளர்ந்த வேகத்திற்குக் காலணி வளரவில்லை.

பொருள் என்னவோ முன்பே கையிலிருந்தது. எதிலீன் வினைல் அசிட்டேட் என்னும் நுரைப்பொருள் 1970களின் நடுப்பகுதியிலேயே சாலையோட்டக் காலணிகளுள் இடம்பெற்றுவிட்டது. ஈ.வி.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் இப்பொருள், இட்லியின் உட்புறம் போல நுண்ணறைகள் நிறைந்தது. இட்லியின் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். இதன் அறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை. கால் அழுத்தும்போது அறைக்குள் அடைபட்ட வளி நசுங்கி, அழுத்தம் நீங்கியதும் மீள்கிறது. நெடுநேரம் நசுங்கிய அறைகள் முழுமையாக மீள்வதில்லை என்பதே இதன் குறை. நுரை மெல்லியதாயின் பந்தயம் முடியும் முன்னரே அது செத்துப்போகும்.

ஆன்சியில் இக்காலணியை உருவாக்கிய நிக்கோலா மெர்மூ, ழான்-லூக் தியார் இருவரும் சலோமோன் என்னும் பனிச்சறுக்கு, மலைவிளையாட்டுப் பொருள் நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவர்கள். அவர்களுடைய சிந்தனையின் மூலம் காலணித் தொழிலுக்கு வெளியே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. புதுப்பனியில் அமிழாமல் மிதக்க அகன்ற சறுக்குக்கட்டை, கரடுமுரடான சரிவில் இறங்கப் பருத்த டயர் கொண்ட மிதிவண்டி, பெருத்த தலை கொண்ட டென்னிஸ் மட்டை எனப் பிற விளையாட்டுகளில் கருவிகள் ஒவ்வொன்றாகப் பெருத்துவிட்டிருந்தன. ஓட்டக் காலணி மட்டும் அவ்வாறு பெருக்கவில்லை. அவர்கள் நுரையின் அளவைப் பன்மடங்கு கூட்டினர். குதிகாலுக்கும் முன்பாதத்திற்கும் இடையேயான உயர வேறுபாட்டைச் சில மில்லிமீட்டராகக் குறைத்தனர். தடித்த அடி வளையாது என்பதால், அதன் முனையைத் தொட்டிலின் அடிக்கட்டை போல வளைத்து, பாதம் உருண்டு முன்செல்லுமாறு அமைத்தனர். பாதம் நுரையின் மேல் நிற்காமல் அதற்குள் சற்றே அமர்ந்திருக்கும்படி ஓரங்களை உயர்த்தினர். இவை அனைத்தும் இறக்கத்தை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை.

காலம்தான் அவர்களுக்குப் பாதகமாக இருந்தது. 2009ஆம் ஆண்டிலேயே கிறிஸ்டோபர் மெக்டூகலின் ‘பார்ன் டு ரன்’ என்னும் நூல் வெளிவந்தது. மெக்சிகோவின் செப்புப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்கள், பழைய டயரை வெட்டித் தைத்த செருப்போடு நெடுந்தொலைவு ஓடுவதை அந்நூல் உலகறியச் செய்தது. கொலராடோவின் லெட்வில் நூறு மைல் பந்தயத்தில் 1993இல் முதலாவதாக வந்தவர் ராராமுரி இனத்தவர்; வயது 55. மறு ஆண்டே, 2010இல், டேனியல் லீபர்மன் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, வெறுங்காலோடு பழகியவர்கள் முன்பாதத்தை முதலில் ஊன்றி மோதல் விசையைக் குறைத்துக்கொள்வதைக் காட்டிற்று. காலணியே நோய், வெறுங்காலே மருந்து என்னும் எண்ணம் பரவிய ஆண்டில் வரலாற்றிலேயே தடித்த காலணி கடைக்கு வந்தது!

இவ்விரு போக்குகளையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்தி, இறுதியில் தடித்த அடி வென்றது என்று முடிப்பதே வழக்கமான வரலாறாக இருக்கிறது. இது மிக எளிய கதை. சந்தையில் தடித்த அடி வென்றது உண்மை. ஆய்வகம் அவ்வளவு உறுதியாக எதையும் சொல்லிவிடவில்லை. 2018இல் குல்மாலா குழுவினர் ஹோகாவின் தடித்த காலணி ஒன்றையும் வழக்கமான காலணி ஒன்றையும் ஒப்பிட்டபோது, வேகமான ஓட்டத்தில் தடித்த காலணியில்தான் மோதல் விசை மிகுந்திருந்தது. அடியில் மென்மையை உணர்ந்த கால், தன்னை விறைப்பாக்கிக்கொண்டது என்பது அவர்கள் தந்த விளக்கம். 2020இல் லக்சம்பர்க்கில் 848 ஓட்டக்காரர்களைக் கொண்டு மாலிசூ குழுவினர் நடத்திய சோதனையிலோ, கடினமான அடி கொண்ட காலணியை அணிந்தவர்களுக்கே காயங்கள் மிகுதியாக நேர்ந்தன. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். குல்மாலா குழுவினரின் சோதனை சமதளத்தில் நிகழ்ந்தது என்பதை மட்டும் இங்கே சுட்ட வேண்டும். செங்குத்தான இறக்கத்தில், இருபதாம் மணி நேரத்தில், சோர்ந்த தொடையோடு இறங்குபவரின் காலுக்குள் என்ன நிகழ்கிறது என்பது ஆய்வகத்திற்குள் எளிதில் அகப்படாத கேள்வி. இக்காலணி அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பிறந்தது.

இறக்கத்திற்கென உருவான காலணிக்கு மஃபாத் என்று பெயரிட்டதன் பொருத்தம் அவ்விடத்தைப் பார்த்தால் விளங்கும். ரெயூனியனின் நடுவே 3,070 மீட்டர் உயரத்தில் பித்தோன் தெ நேழ் என்னும் அணைந்த எரிமலை நிற்கிறது. அதனைச் சூழ்ந்து மஃபாத், சிலாவோஸ், சலாசி என மூன்று பெரும் பள்ளங்கள், சரிவும் அரிப்புமாகக் குடையப்பட்டவை. இவற்றுள் மஃபாத்திற்கு மட்டும் இன்றுவரை சாலை கிடையாது. உள்ளே செல்ல விரும்புவோர் நடந்துதான் செல்ல வேண்டும். சரக்குகள் ஹெலிகாப்டரில் வருகின்றன. செங்குத்துப் பாறைகளுக்கிடையே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சமநிலங்களில் சில நூறு பேர் வாழ்கின்றனர். அச்சமநிலங்களை அத்தீவினர் ‘இலே’ என்பர். தீவு என்னும் பொருளுடைய சொல்லின் திரிபு அது. கடலுக்கு நடுவே அன்றி, மலைக்கு நடுவே கிடக்கும் தீவுகள்.

இங்கே முதலில் குடியேறியவர்கள் தப்பியோடிய அடிமைகள். பூர்போன் என்று அன்று அழைக்கப்பட்ட இத்தீவில் 1715க்குப் பிறகு காப்பிப் பயிர் பெருகியது. அதனோடு அடிமைகளின் எண்ணிக்கையும் பெருகியது. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பெரும்பாலோர் கொண்டுவரப்பட்டனர். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் சிறு தொகையினராக இருந்தனர். கடலோரத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்களுக்குச் செல்வதற்கு ஒரே திசைதான் இருந்தது. அது மேலே. மரோன்கள் என்று வரலாறு இவர்களைக் குறிக்கிறது.

தப்பியோடுதலைப் பற்றி ஆட்சி என்ன எண்ணியது என்பதற்கு 1723 டிசம்பரில் மஸ்கரீன் தீவுகளுக்கென வெளியிடப்பட்ட பிரெஞ்சு அரசாணை சான்று. கரீபியத் தீவுகளுக்கான 1685ஆம் ஆண்டின் ‘கறுப்பர் சட்ட’த்தை அடியொற்றியது அது. ஒரு மாதம் தலைமறைவாயிருந்த அடிமையின் காதுகள் அறுக்கப்பட்டுத் தோளில் லில்லி மலர்ச் சின்னம் சூடிடப்படும். இரண்டாம் முறை ஓடினால் முழங்காலின் பின்புற நாண் அறுக்கப்படும். மற்றத் தோளிலும் சூடு. மூன்றாம் முறைக்குத் தண்டனை மரணம். இரண்டாம் தண்டனை இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. நாண் அறுபட்டவன் நடமாடலாம், கரும்போ காப்பியோ பறிக்கலாம். மலையிறங்கி ஓட இயலாது. உழைப்பை விட்டுவைத்து ஓட்டத்தை மட்டும் உடலிலிருந்து கழித்துவிடும் கணக்கு அது. ஓடும் காலின் உடற்கூற்றை இவ்வளவு துல்லியமாகக் கவனித்த முற்காலத்து ஆவணங்கள் மிகுதியாக இருக்க முடியாது.

மலைக்குள் சென்றவர்களைத் தேடிப் படைகள் அனுப்பப்பட்டன. குடியேறிகளே அப்படைகளின் உறுப்பினர். கொல்லப்பட்ட மரோனின் கையை வெட்டிக் கொண்டுவந்து காட்டினால் வெகுமதி கிடைத்தது. இவ்வேட்டைப்படைகளின் தலைவர்களுள் பெயர்பெற்றவர் பிரான்சுவா முஸார். 1750களின் தொடக்கத்தில் மஃபாத் என்னும் மரோன் தலைவர் இவருடைய படையினரால் கொல்லப்பட்டதாகக் கூறுவர். பள்ளத்தாக்கின் பெயர் அத்தலைவரிடமிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. ‘கொல்வது’ என்னும் பொருளுடைய மலகாசிச் சொல்லிலிருந்து வந்தது, அங்கிருந்த கந்தக ஊற்றின் நாற்றத்தைச் சுட்டியது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையாக இருப்பதற்கும் தடையில்லை.

வரலாற்று முறையியல் பயில்வோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். மரோன்களைப் பற்றி நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் அவர்களை வேட்டையாடியவர்கள் எழுதிய அறிக்கைகள். எந்த நாளில் எந்த முகாம் பிடிபட்டது, எத்தனை பேர் சாய்ந்தனர், எந்தக் குடிசையில் என்ன இருந்தது என்ற விவரங்கள் அவற்றில் உண்டு. ஓடியவர்கள் தம் கையால் எழுதியவை இல்லை. அவர்களுடைய மொழி எஞ்சி நிற்பது இடப்பெயர்களில்தான். மஃபாத்தைப் பார்த்து நிற்கும் சிமாந்தெஃப் என்னும் சிகரத்தின் பெயர், ‘அடிமையல்லன்’ என்னும் பொருளுடைய மலகாசித் தொடரின் திரிபு என்று விளக்கப்படுகிறது. அதுவும் ஒரு மரோன் தலைவரின் பெயரே. சலாசியில் ஆன்ஷேங் என்பவரின் பெயரால் ஒரு தனிக்குன்று நிற்கிறது. வேட்டைக்காரர்களின் வரைபடத்திலேயே வேட்டையாடப்பட்டவர்களின் சொற்கள் தங்கிவிட்டன. அடிமைமுறை ஒழியும் முன்பே, 1844இல், லூயி திமாஜென் உவா எழுதிய ‘லெ மரோன்’ என்னும் புதினம் வெளிவந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரெயூனியனின் முதற்புதினமாகக் கருதப்படும் அந்நூல், தப்பியோடியவர்களையே கதைமாந்தர்களாகக் கொண்டது.

1848 டிசம்பர் 20ஆம் நாள் ஏறத்தாழ 62,000 அடிமைகள் விடுதலை பெற்றனர். அவர்கள் விட்டுச்சென்ற வேலையைச் செய்ய ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும், 1860இன் ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பிறகு பிரித்தானிய இந்தியத் துறைமுகங்கள் வழியாகவும் தமிழர் பெருந்தொகையில் சென்றது இந்தத் தொடர்ச்சியில்தான். ‘மல்பார்’ என்று அங்கு அழைக்கப்படும் அவர்களுடைய வழிவந்தோர் இன்றும் பாண்டியாலே என்னும் பெயரில் திரௌபதியை வழிபட்டுத் தீமிதிக்கின்றனர். அத்தீவின் பாத வரலாறு என்று ஒன்று எழுதப்படுமாயின் வெறுங்காலோடு தணலில் நடக்கும் அந்த வரிசைக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. மஃபாத்திற்குள் அவர்கள் பெருமளவில் குடியேறவில்லை. நிலமிழந்த ஏழை வெள்ளையரும் விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோருமே அங்கே உழுது வாழ்ந்தனர்.

பந்தயம் வருவதற்கு முன் அப்பள்ளத்தாக்கின் பாதைகளை நன்கறிந்தவர் ஒருவர் உண்டென்றால் அவர் தபால்காரர் இவ்ரேன் போசே. 1951 முதல் நாற்பதாண்டுகள் மஃபாத்தின் இலேக்களுக்குக் கடிதம் சுமந்து நடந்தவர். தம் பணிக்காலத்தில் அவர் நடந்த தொலைவு இரண்டரை இலட்சம் கிலோமீட்டர் என்று கணக்கிட்டுள்ளனர். வாரத்திற்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். எந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரரின் பயிற்சிக் குறிப்பேட்டிலும் மதிப்போடு பார்க்கத்தக்க எண் அது. ஆயினும் அது விளையாட்டு வரலாற்றில் இடம்பெறாது, ஏனெனில் அதற்குக் கூலி இருந்தது, கடிகாரம் இல்லை.

1989இல் தீவின் மலைகளைக் குறுக்கே கடக்கும் பந்தயம் தொடங்கியது. ‘பித்தர்களின் மூலைவிட்டம்’ என்று பொருள்படும் பெயரால் இன்று உலகெங்கும் அறியப்படுவது அதுவே. தெற்கிலிருந்து வடக்கே சேன்-தெனி நகரம் வரை ஏறத்தாழ 165 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் பத்தாயிரம் மீட்டரை நெருங்கும். அதன் வழி மஃபாத்தை ஊடறுத்துச் செல்கிறது. நடுவழியில் அப்பள்ளத்திற்குள் இறங்கியவர் பந்தயத்தைக் கைவிட நினைத்தாலும் வண்டி ஏறித் திரும்ப முடியாது. நடந்தே வெளியேற வேண்டும். ஐரோப்பிய மலையோட்டக்காரர்களிடையே மஃபாத் என்னும் சொல்லுக்கு அச்சமும் கவர்ச்சியும் கலந்த பொருள் ஏற்பட்டது இப்பந்தயத்தின் வழியாகத்தான். ஆன்சியில் காலணிக்குப் பெயர் தேடியவர்களின் காதில் ஒலித்தது பந்தயத்தின் மஃபாத். முஸாரின் அறிக்கைகளில் வரும் மஃபாத் அன்று.

இதில் வஞ்சகம் எதையும் தேட வேண்டியதில்லை. மலைகளின் பெயரைப் பொருளுக்குச் சூட்டுவது அத்தொழிலின் வழக்கம். நிறுவனத்தின் பெயரும் மாவோரி மொழியிலிருந்து எடுக்கப்பட்டதே. நிலத்தின் மேல் பறத்தல் என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது. எனினும் பெயர் எடுக்கப்படும் முறையில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. 2015இல் வந்த ‘ஸ்பீட்கோட்’ என்னும் காலணி, தொடக்கத்திலேயே தடித்த அடியை நம்பி ஏற்ற அமெரிக்க ஓட்டக்காரர் கார்ல் மெல்ட்சரின் பட்டப்பெயரைத் தாங்கியது. அது யாருடைய பெயர் என்பதை வாங்குபவர் அறிவர். அறிய வேண்டும் என்பதே விற்பனையின் நோக்கம். மஃபாத்தும் ஒரு மனிதரின் பெயராக இருக்கக்கூடும் என்பதையோ வாங்குபவர் அறியார். ஒரு பெயர் மனிதரோடு சேர்ந்து விற்கப்படுகிறது, மற்றது நிலக்காட்சியாகக் கரைந்தபின் விற்கப்படுகிறது. தம் விருப்பத்தால் ஓடியவரை வரலாறு ஓட்டக்காரர் என்கிறது. உயிருக்காக ஓடியவருக்கு அதே சொல்லைத் தருவதில்லை. பிரேசில் போன்ற அடிமைச் சமூகங்களில் காலணி அணிதலே சுதந்திரரின் அடையாளமாக இருந்ததை நினைவிற்கொண்டால், தப்பியவரின் பெயர் ஒரு காலணியின் மீது வந்து சேர்ந்ததில் உள்ள முரண் இன்னும் கூர்மையாகப் புலப்படும்.

அதன்பின் நிகழ்ந்தவை வணிகச் செய்திகள். 2013இல் கலிபோர்னியாவின் டெக்கர்ஸ் நிறுவனம் ஹோகாவை வாங்கியது. 2022இல் அதன் ஓராண்டு விற்பனை நூறு கோடி டாலரைக் கடந்தது. மலையோட்டக்காரர்களைவிட, நாள் முழுதும் நின்று பணிபுரியும் செவிலியரும் முழங்கால் வலியுள்ள முதியவர்களும் அதனை மிகுதியாக வாங்கலாயினர். எள்ளிய நிறுவனங்களும் தத்தம் காலணிகளைத் தடிப்பாக்கின. 2024ஆம் ஆண்டு மோன்-பிளாங்க் பந்தயத்தின் பெயருக்கு முன்னொட்டாகவே ஹோகாவின் பெயர் சேர்ந்தது.

காலணி விற்பனைக்கு வந்த அதே 2010இல் ரெயூனியனின் சிகரங்களையும் பள்ளங்களையும் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. இயற்கை மரபு என்னும் பிரிவில்தான் அறிவித்தது. பண்பாட்டு மரபு என்னும் பிரிவில் அன்று. மஃபாத்தினுள் ‘இலே-ஆ-மலேர்’ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. துயரத்தின் சமநிலம் என்று பொருள். மரோன்களுக்கும் வேட்டைப்படையினருக்கும் அங்கு நடந்த மோதலால் அப்பெயர் ஏற்பட்டது என்பர். மலையேறிகள் அங்கே இரவு தங்கி, விடியலில் காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டு ஓரேர் நோக்கிப் புறப்படுகின்றனர்.